திமிங்கிலம் பார்க்க மிரிஸ்ஸவா, திருகோணமலையா, கற்பிட்டியா?

இலங்கையில் திமிங்கிலமும் டொல்பினும் பார்க்க ஒரு நாளை ஒதுக்குபவர் முதலில் பார்க்க வேண்டியது நாட்காட்டியை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை தெற்கிலும் மேற்கிலும் கடல் கொந்தளிப்பதால், மிரிஸ்ஸவிலும் கற்பிட்டியிலும் படகுகள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். அப்போது கிழக்கிலுள்ள திருகோணமலைக் கடல் அமைதியாக இருக்கும். நவம்பரில் நிலைமை தலைகீழாகும். மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான் மூன்றில் ஒன்றைத் தெரிவுசெய்யும் வாய்ப்பே கிடைக்கிறது.

மிரிஸ்ஸவுக்குப் பெயர் வாங்கித் தந்தது அதன் கடலடி அமைப்பு. நாட்டின் தென்கோடியான தெய்வேந்திரமுனையை ஒட்டிய கண்டத்திட்டு, அதாவது கரையோரத்து ஆழம் குறைந்த கடலடித் தளம், மிகக் குறுகலானது என்பதால், ஆழ்கடலின் விளிம்பில் இரைதேடும் நீலத்திமிங்கிலங்களைக் காண நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. கூரையும் கழிப்பறையும் உள்ள பெரிய படகுகள் முதியவர்களுக்கு ஏற்றவை. ஆயினும், மூச்சுவிட மேலெழும் ஒரே விலங்கை நோக்கிப் பல படகுகள் ஒருசேர விரைவதைக் காணும்போது மனம் ஒப்பவில்லை. உலகின் மிகப் பரபரப்பான கப்பற்பாதைகளுள் ஒன்றும் அதே நீரில்தான் செல்கிறது. கப்பல் மோதித் திமிங்கிலங்கள் இறப்பதைக் குறைக்க, எம்.எஸ்.சி. என்ற சரக்குக் கப்பல் நிறுவனம் 2022இல் தன் கப்பல்களைச் சற்றுத் தெற்கே விலகிச் செல்லப் பணித்தது. ஏற்கெனவே இவ்வளவு நெருக்கடியில் வாழும் உயிரினத்தைச் சுற்றுலாப் படகுகளும் துரத்துவது நியாயமல்ல.

என் தெரிவு திருகோணமலை. துறைமுகத்தின் வாயிலிலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று ஆழ்கடலுக்கு இறங்குவதால், கோணேசர் கோயில் அமைந்த சுவாமி மலையில் நின்றே சில நாட்களில் நீலத்திமிங்கிலம் பீய்ச்சும் நீராவியைக் காணலாம். படகேறாமலே காண வாய்க்கும் இத்தகைய இடங்கள் உலகில் மிகச் சில. படகுகளும் குறைவு. ஆனால் உப்புவெளி, நிலாவெளிக் கரைகளிலிருந்து புறப்படுபவை பெரும்பாலும் கூரையற்ற சிறு படகுகள். வெயிலும் அலையாட்டமும் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சிறுவர்களோடு செல்வோருக்குக் கற்பிட்டியே நல்லது. அங்கு நீலத்திமிங்கிலத்தை எதிர்பார்த்துப் போகக்கூடாது. நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரத்துக்கும் மேலாகத் திரளும் ஸ்பின்னர் டொல்பின்களுக்காகவே போக வேண்டும். அவை துள்ளியெழுந்து காற்றில் உடலைச் சுழற்றுவதால், நீர்மட்டத்தில் ஒரு முதுகை மட்டும் தேடிக் காத்திருக்கும் பொறுமை பிள்ளைகளுக்குத் தேவைப்படாது. கண்டத்திட்டின் விளிம்புவரை சென்றால் ஸ்பெர்ம் திமிங்கிலக் கூட்டங்களும் தென்படக்கூடும்.

எங்கு சென்றாலும், திமிங்கிலத்திலிருந்து 100 மீற்றர் விலகி நிற்பீர்களா என்று பணம் கொடுக்குமுன் படகோட்டியிடம் கேளுங்கள். "கிட்டப் போய்க் காட்டுகிறேன்" என்பவரைத் தவிர்த்து, வேறு படகைத் தேடுங்கள்.