மூடுலா, ஓப்பன் எட்எக்ஸா, கொலிப்ரியா? நெல்லைப் பக்கத்துக்கு எது தாங்கும்?

சொந்த சர்வரில் ஆன்லைன் பாடத்தளம் வைக்கலாம் என்று பாளையங்கோட்டையில் பேச்செடுத்தால் முதல் கேள்வி "எது ஃப்ரீ?" என்பதாகத்தான் இருக்கும். அதற்கான மென்பொருள்களான மூடுல், ஓப்பன் எட்எக்ஸ், கேன்வாஸ், கொலிப்ரி நான்குக்குமே லைசென்ஸ் காசு கிடையாது. அதனால் நான் கேட்பது வேறு: தளத்தைப் போட்டுக் கொடுத்த பையன் சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போன பிறகு அதை யார் பார்த்துக்கொள்வார்கள்? அந்த ஒரு அளவுகோலை வைத்தே நான்கையும் பார்க்கிறேன்.

மூடுல் 1.0 வெளிவந்தது 2002இல். ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் டூகியமாஸ் தொடங்கியது. பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதியது, மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸில் ஓடும். வேர்ட்பிரஸ் தளம் போட்டுப் பழகிய யாருக்கும் இதன் உள்கட்டு புரியும். வண்ணார்பேட்டையிலோ வள்ளியூரிலோ அப்படி ஓர் ஆளைத் தேடினால் கிடைப்பார். எனக்கு இதுதான் மூடுலின் முதல் பலம்.

நிறுவும்போது மூன்று இடங்களில் கவனம் வேண்டும். பிள்ளைகள் ஏற்றும் கோப்புகள் சேரும் மூடுல்டேட்டா ஃபோல்டர், வெப் சர்வர் வெளியே காட்டும் பகுதிக்குள் இருக்கவே கூடாது. இருந்தால் யாரும் விடைத்தாளைத் திறந்து பார்க்கலாம். பிஎச்பி அமைப்பில் ஒரு படிவத்தில் ஏற்கும் உள்ளீடுகளின் எண்ணிக்கை வழக்கமாக 1000. மூடுல் 5000 கேட்கும். கோப்பு ஏற்றும் வரம்பு வழக்கமாக 2 எம்பிதான். ஸ்கேன் செய்த நோட்ஸை ஆசிரியர் ஏற்ற முடியாமல் தவிப்பது பெரும்பாலும் இதனால்தான்.

ஓப்பன் எட்எக்ஸ், எம்ஐடியும் ஹார்வர்டும் 2012இல் தொடங்கிய எட்எக்ஸின் தளம். வீடியோ, நடுவில் கேள்வி, அடுத்த பகுதி என்று பாடம் ஓடும் விதம் அழகு. மாணவருக்கு மூடுலைவிட இதுவே பிடிக்கும் என்பது என் எண்ணம். ஆனால் உள்ளே மைஎஸ்க்யூஎல், மாங்கோடிபி, ரெடிஸ் (தகவலை நினைவகத்திலேயே வைத்து வேகமாகத் தரும் மென்பொருள்), தேடலுக்குத் தனிச் சேவை எனப் பல மென்பொருள்கள் டாக்கருக்குள் (ஒவ்வொன்றையும் தனிப் பெட்டியில் ஓட்டும் முறை) ஓடுகின்றன. டியூட்டர் என்ற கருவி வந்ததால் நிறுவுவது சுலபமாகிவிட்டது. அதற்கே குறைந்தது 4 ஜிபி ராம். 8 இருந்தால் நிம்மதி. ஆறு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு. டாக்கர் லாக் படித்துக் கோளாறு கண்டுபிடிக்கும் ஆள் சம்பளத்தில் இருந்தால் போடுங்கள். பல கல்லூரிகளுக்குச் சேர்த்து ஒரே தளம் நடத்தும் பல்கலைக்கழக அளவில் இது பொருந்தும். தனிக் கல்லூரிக்கு வேண்டாம்.

கேன்வாஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எழுதியது ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற நிரல் சட்டகத்தில். நம் பக்கம் பார்த்துக்கொள்ள ஆள் கிடைப்பது அரிது. அதன் புதிய வினாடி வினாப் பகுதியும் திறந்த பதிப்பில் வராது.

கொலிப்ரியின் கதை வேறு. இணையமே இல்லாத இடத்துக்கென்று செய்தது. ராஸ்பெர்ரி பை என்ற சிறு கம்ப்யூட்டரிலோ பழைய லேப்டாப்பிலோ போட்டு ஒரு வைஃபை ரவுட்டர் வைத்தால், வகுப்பில் உள்ள டேப்லெட்டுகள் அதைப் பிடித்துக்கொள்ளும். பாடங்களைப் பென்டிரைவில் கொண்டுபோய் ஏற்றலாம். காரையாறு பக்கத்துக் காணிப் பழங்குடிக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு மூடுல் போட்டுக் கொடுத்து "லாகின் செய்யுங்கள்" என்பது நியாயமே இல்லை, அங்கே கொலிப்ரிதான். ஆனால் கட்டுரை விடையை வாங்கித் திருத்தி மதிப்பெண் போடும் வேலைக்கு இதை நம்ப வேண்டாம்.

டிஎன்பிஎஸ்சி வகுப்பு நடத்துபவர்களுக்கு இன்னொரு உரைகல், கேள்வி வங்கி. அவர்களிடம் பல வருடக் கேள்விகள் வேர்டில், பாமினி எழுத்துருவில் கிடக்கும். அப்படியே ஏற்றினால் ஆங்கில எழுத்தும், புள்ளி வர வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியுமாகத் தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். அதன்பின் மூடுலில் ஐகென் என்ற எளிய வடிவம் உண்டு: கேள்வி ஒரு வரி, விடைகள் ஒவ்வொன்றும் ஒரு வரி, கடைசி வரியில் சரியான விடையின் எழுத்து. விடைக் குறிகள் மட்டும் பெரிய ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். அ, ஆ என்று போட்டால் ஏற்காது. யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு வடிவில் சேமித்தால் நூற்றுக்கணக்கான கேள்விகள் ஒரே மூச்சில் உள்ளே போய்விடும். இந்த வசதிக்காகவே கோச்சிங் சென்டர்களுக்கு மூடுலைச் சொல்வேன்.

ஜங்ஷன் பக்கம் வகுப்பு நடத்தும் அண்ணாச்சி ஒருவர் கேட்டார்: "தம்பி, ஒருதரம் போட்டுட்டா அது பாட்டுக்கு ஓடும்லா?" ஓடாது அண்ணாச்சி. மூடுலின் கிரான் என்ற தானியங்கிப் பின்னணி வேலை நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டும். நின்றுபோனால் மெயில் போகாது, பாடம் முடித்த கணக்கும் ஏறாது. பதிப்பு ஏற்றும்போது பிளகின்களும் (கூடுதலாகச் சேர்த்த வசதிகள்) அதற்கு ஒத்துவர வேண்டும். அடிக்கடி மாற்ற ஆளில்லாதவர்கள் நீண்டகால ஆதரவுப் பதிப்பில் நிற்கலாம், மூடுல் 4.5க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2027 அக்டோபர் வரை உண்டு. காலை பத்து மணிக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒரே நொடியில் தேர்வைத் திறந்தால் சிறிய சர்வர் திணறும். செஷனை (யார் லாகினில் இருக்கிறார் என்ற தகவலை) ரெடிஸுக்கு மாற்றுங்கள், பேட்ச் பேட்சாக ஐந்து நிமிட இடைவெளியில் திறந்துவிடுங்கள். எழுதும்போதே விடைகள் அவ்வப்போது தானாகச் சேமிக்கப்படுவதால், வீட்டில் கரண்ட் போன பிள்ளையின் உழைப்பு பெரும்பாலும் தப்பிவிடும்.

சர்வர் எங்கே? கட்டடத்துக்குள் வைத்தால் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்கே பெரிய யூபிஎஸ் வேண்டும், நிலையான ஐபி முகவரிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். 2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி வெள்ளம் ஜங்ஷனுக்குள்ளும் வண்ணார்பேட்டைக்குள்ளும் வந்ததைப் பார்த்தவர்கள் தரைத்தளத்தில் பெட்டியை வைக்க மாட்டார்கள். மும்பையிலோ பெங்களூரிலோ வாடகைக்கு விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்) எடுப்பதே என் தேர்வு. பேக்கப்பில் டேட்டாபேஸ், மூடுல்டேட்டா, நிரல் மூன்றும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் தளம் எழுந்திருக்காது. அந்த பேக்கப் அதே சர்வரில் கிடக்கக் கூடாது. பருவத்துக்கு ஒருமுறையாவது அதை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு மாணவராக லாகின் செய்து, பழைய தேர்வின் மதிப்பெண் தெரிகிறதா என்று பாருங்கள்.