சின்னப் படகுக்கு ஒரு கைவண்டி: சட்டம் சரி, சக்கரம்தான் வம்பு

இந்த வாரம் மறுபடியும் பேரிங் மாற்றினேன். நகக்கண்ணில் கறுப்பு கிரீஸ் இன்னும் முழுதாகப் போகவில்லை. அந்த நேரம் பார்த்து அரியாங்குப்பம் நண்பர் ஒருவர், "சுண்ணாம்பாத்துல விட நானும் ஒரு குட்டி போட் கட்டுறேன். உங்க வண்டி மாதிரியே ஒண்ணு பட்டறையில சொல்லிடலாமா?" என்று கேட்டார். போனில் கொஞ்சம் சூடாகத்தான் பதில் சொன்னேன். இங்கே நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

படகு எட்டடிக்கும் குறைவு. பிளைவுட், மேலே ஃபைபர். பிள்ளைகள் பாய் ஓட்டப் பழகும் ஆப்டிமிஸ்ட் படகின் வெற்றுக்கூடு 35 கிலோ இருக்கும். என்னுடையதும் அதை ஒட்டித்தான். துடுப்பு, நங்கூரம், கயிறு எல்லாம் சேர்ந்தால் 45 வரும். கடலூர் முதுநகர் வீட்டிலிருந்து உப்பனாற்றங்கரை நடக்கிற தூரம் என்பதால் கையால் இழுக்கும் வண்டியாகவே செய்யச் சொன்னேன். காரில் மாட்டலாமே என்று கேட்பவர்களுக்கு: 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் ட்ரெய்லரையும் மோட்டார் வாகனக் கணக்கில்தான் வைக்கிறது. இந்தக் குட்டிப் படகுக்காக ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஏற எனக்குத் தெம்பில்லை.

வண்டியின் இரும்புச் சட்டத்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும், துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். அதனால் ஒவ்வொரு மூட்டையும் சுரண்டி, ஜிங்க் பெயின்ட் அடிக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றேன். பைப்பின் அடியில் சின்னத் துளைகளும் உண்டு. உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழி வேண்டுமே. படகு உட்காரும் கட்டைகளுக்குக் கார்ப்பெட் சுற்றுவது வழக்கம். கார்ப்பெட்டில் மணல் புகுந்துகொண்டால் படகின் அடிப்பக்கத்தை உப்புத்தாள் போல் தேய்த்துவிடும். பழைய லாரி டியூபை வெட்டி ஆணி அடித்தோம், கழுவினால் சுத்தம்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் அச்சில் கிடைத்தது. அச்சைச் சட்டத்தோடு வெல்டிங் வைக்காமல் யூ போல்ட்டில் கட்டித் தரச் சொன்னேன். "லூஸாயிடும் சார்" என்றார் பட்டறைக்காரர். லாக் நட்டு போட்டதில் இன்று வரை ஆகவில்லை. இதில் என்ன லாபம் என்றால், படகை ஏற்றிய பிறகு அச்சை முன்னே பின்னே நகர்த்திப் பார்க்கலாம். எடை நடுவுக்கு நேர் கீழே அச்சு இருந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் கைப்பிடி எகிறும். ரொம்பப் பின்னால் போனால் தோள்பட்டை கழன்றுவிடும். கைப்பிடியில் மூன்று நான்கு கிலோ மட்டும் நிற்கும் இடம் ஒன்று உண்டு. அது அகப்பட்ட அன்று 45 கிலோவை இழுக்கிறோம் என்பதே மறந்துபோனது. தண்ணீர் ஓரம் போய்க் கைப்பிடியை மெதுவாக மேலே தூக்கினால் பின்பக்கம் தாழ்ந்து, படகு தானாக வழுக்கி இறங்கிவிடும். தனி ஆளாக இதைச் செய்வதில் ஒரு கெத்து இருக்கிறது, மறைப்பானேன்.

சரி, இப்போது சக்கரம்.

3.50-10 அளவு பழைய ஸ்கூட்டர் சக்கரம், பழைய இரும்புக் கடையில் எடுத்தது. இரண்டு பாதியாகப் பிரியும் ரிம் என்பதால் பஞ்சர் பார்ப்பது சுலபம். ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தை, லேத்தில் கடைந்து, சக்கரத்துக்கு இரண்டு 6203 பேரிங் போட்டார்கள். இரு பக்கமும் ரப்பர் மூடி உள்ள ரகம்தான். அந்த மூடி தூசியைத் தடுக்கும், கிரீஸைப் பிடித்து வைக்கும். உப்புத் தண்ணீரில் முக்கி வைத்தால் அது என்ன செய்யும், பாவம்.

உப்பனாற்றங்கரையோ சேறு, சரிவே கிடையாது. தண்ணீர் ஏறியிருக்கும்போது தப்பிக்கலாம். வற்றியிருந்தால் படகின் வால் நனைவதற்குள் ஹப் முங்கிவிடும். திரும்ப ஏற்றும்போது இன்னும் மோசம். பேரிங் குண்டில் குரோமியம் கொஞ்சம்தான், ஸ்டெயின்லெஸ் இல்லை. ஓடிக்கொண்டே இருந்தால்கூட நாள் தாங்கும். நனைந்த வண்டி வீட்டில் சும்மா நிற்கும்போதுதான் குண்டு பதிந்த இடமெல்லாம் அரித்துப் புள்ளி விழுகிறது. அடுத்த முறை இழுத்தால் கரகரவென்று தெருவே திரும்பிப் பார்க்கும். வெளியில் எவ்வளவு நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் உள்ளே போன உப்பு போகாது. வேகமாக ஓடி ஹப் சூடாகி, குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும் என்று ட்ரெய்லர்காரர்கள் ஒரு காரணம் சொல்வார்கள். நான் நடந்து போகிறவன். அந்தச் சாக்கும் எனக்கில்லை.

பேரிங் விலை பெரிதில்லை. துருப்பிடித்து அச்சோடு ஒட்டிக்கொண்ட உள்வளையத்தைப் பிடுங்குவதற்குள் ஒரு ஞாயிறு போய்விடுகிறது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் ஒருநாள் பார்த்துவிட்டு, "இந்த போட்டுக்கு வண்டி எதுக்கு சார்? ரெண்டு பேரு தூக்குனா முடிஞ்சுது" என்றார். அன்று கோபம் வந்தது. இந்த வாரம் வரவில்லை.

லேத்காரர் ஒரு வழி சொல்கிறார்: ஸ்டெயின்லெஸ் அச்சு, பேரிங்குக்குப் பதில் பிளாஸ்டிக் புஷ், அதாவது குண்டே இல்லாத வெறும் குழல். நடை வேகத்துக்கு அதுவே தாராளம், தண்ணீரே அதற்கு எண்ணெய் மாதிரி. நைலான் தண்ணீர் குடித்து உப்பி அச்சை இறுக்கிவிடும் என்பதால் டெல்ரின் என்ற வேறு பிளாஸ்டிக்கில் கடைய வேண்டும். ஆள் கெட்டிக்காரர், சொல்வதும் நியாயம். முதல் முறை ஹப் கடையும்போதே சொல்லியிருக்கலாம்.

ஆக நண்பருக்கு என் பதில்: செய்யாதீர்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து இரண்டு பேராகத் தூக்கிக்கொண்டு போங்கள். இல்லை, செய்தே தீருவேன் என்றால் அச்சை யூ போல்ட்டில் கட்டுங்கள், பேரிங் கடைப் பக்கம் மட்டும் போகாதீர்கள். சட்டத்தின் அளவெல்லாம் எழுதி அனுப்புகிறேன், ஆனால் ஞாயிற்றுக்கிழமை கேட்க வேண்டாம். அன்று காலையிலேயே தண்ணீர் ஏறுகிறது, நான் ஆற்றில் இருப்பேன்.