ஆறாம் வகுப்பு: தனியார் பெண்கள் பள்ளியா, அரசு மகளிர் பள்ளியா?

கீழக்கரை, மண்டபம், பாம்பன் பக்கம் ஐந்தாவது முடிக்கும் பெண்பிள்ளை உள்ள வீடுகளில் மே மாதம் இதே பேச்சுதான்.

பணம்
தனியார்: பள்ளிக் கட்டணம் தனி, வேன் தனி, சீருடை தனி. விசைப்படகை நம்பிய குடும்பத்துக்குத்தான் இடி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கையில் காசில்லாத நேரம் பார்த்து முதல் தவணை வந்து நிற்கும். தள்ளிக் கட்டலாமா என்று சேர்க்கும் முன்பே கேளுங்கள்.
அரசு: கட்டணமில்லை. புத்தகமும் பஸ் பாஸும் இலவசம்.

பின்னால் கிடைப்பது
அரசு: ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தால் மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்.
தனியார்: இரண்டும் இல்லை. பலருக்கு இது பிளஸ் டூ முடித்த பிறகுதான் உறைக்கிறது.

பெற்றோர் குரல்
தனியார்: வாட்ஸ்அப் குழு படு சுறுசுறுப்பு. அப்பா துபாயில் இருந்தாலும் மார்க் ஷீட் போட்டோ அன்றைக்கே போய்விடும். கட்டணம் பற்றிக் கேட்டால் மட்டும் குழுவில் சத்தமே இருக்காது!
அரசு: பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். கழிப்பறையில் தண்ணீர் இல்லையென்றால் தீர்மானமே போடலாம். யாராவது போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

அம்மா தனியாகச் சமாளிக்கும் வீடு, வாசலில் வேன் வேண்டும், மாதாமாதம் பணம் வரும் என்றால் தனியார். கடல் வருமானம், டாக்டர் ஆசை என்றால் அரசு. ஐந்து வரை தனியாரில் படித்திருந்தாலும் ஆறில் மாறினால் சலுகை போகாது.