காற்று மெத்தை, நுரை மெத்தை, புரட்டும் கை: படுக்கைப் புண்ணுக்கு எதிராக எது எவ்வளவு?

வீட்டில் ஒருவர் பாரிசவாதத்தில் விழுந்து படுக்கையாகிவிட்டால் திருகோணமலையில் பெரும்பாலும் நடப்பது இதுதான். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளை, "காற்று மெத்தை ஒன்று வாங்குங்கோ, காசு அனுப்புறன்" என்பார். மெத்தை வரும், மோட்டர் உறுமும், எல்லோருக்கும் ஒரு நிம்மதி. அதற்குப் பிறகு அம்மாவைப் புரட்டிப் போடுவது மெல்லக் குறைந்துவிடும். என்னைக் கேட்டால், அந்த நிம்மதிதான் காற்று மெத்தையின் மிகப் பெரிய குறை.

எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் தோல் நசுங்கும்போது அந்த இடத்துக்கு இரத்தம் போவது நின்றுவிடுகிறது. முதுகின் அடியில் வால் எலும்பு, இடுப்பின் பக்கம், குதிக்கால், முழங்கை, பின்மண்டை: புண் வருவது இங்கேதான். ஆகவே எந்தப் பொருளையும் இரண்டு கேள்வி கேட்டுத்தான் வாங்க வேண்டும். அழுத்தத்தைப் பரவலாக்குகிறதா? அழுத்தம் ஒரே இடத்தில் நிற்காமல் மாற்றுகிறதா?

நம் வீடுகளில் பழகிய தும்பு மெத்தை இந்த இரண்டையும் செய்யாது. வெக்கைக்கு நல்லது, முதுகு நோவுக்கும் சிலர் விரும்புவார்கள். தானாகத் திரும்ப முடியாதவருக்கு அது பலகைக்கு ஒரு படி மேல், அவ்வளவுதான்.

அடர்த்தியான நல்ல நுரை மெத்தை அழுத்தத்தைப் பரவலாக்கும். காற்று மெத்தை அதோடு நிற்காது. அதனுள் இருக்கும் காற்று அறைகள் சில நிமிடத்துக்கு ஒருமுறை மாறி மாறி ஊதி இறங்கும். கேட்கும்போது காற்று மெத்தைதான் வெல்லும் போலிருக்கும். ஆனால் பிரித்தானியாவில் அதிக ஆபத்திலிருந்த 2029 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி இரண்டையும் ஒப்பிட்டு, 2019இல் வெளியிட்டார்கள். காற்று மெத்தைப் பக்கம் புண் கொஞ்சம் குறைவுதான், ஆனால் உறுதியாக மேல் என்று சொல்லும் அளவுக்கு வித்தியாசம் வரவில்லை. இரண்டு பக்கமும் நேர்ஸ்மார் புரட்டிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி நோயாளிகள் அவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

இனி புரட்டும் கை. "இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை" என்று எல்லோரும் சொல்வார்கள். தனியாகப் பார்க்கும் மகள் மூன்று இரவு அப்படிச் செய்தால் நாலாவது இரவு தூங்கிப்போவார், அதில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. அமெரிக்கா, கனடாவிலுள்ள முதியோர் இல்லங்களில் 942 பேரை 2, 3, 4 மணித்தியாலம் என்று பிரித்துப் புரட்டிப் பார்த்த ஆய்வு 2013இல் வந்தது. மூன்று பிரிவிலும் புண் வந்த அளவில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் எல்லோரும் படுத்திருந்தது அடர்த்தியான நுரை மெத்தையில். பிரித்தானியாவின் 2014 மருத்துவ வழிகாட்டியும் ஆபத்து உள்ளவருக்குக் குறைந்தது 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, அதிக ஆபத்து உள்ளவருக்கு 4 மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்கிறது. அதாவது நல்ல நுரை மெத்தை நோயாளிக்கு மட்டுமல்ல, பார்ப்பவருக்கும் சேர்த்துத்தான். இரவு பத்து, இரண்டு, காலை ஆறு என்றால் ஒரு மனிதரால் சமாளிக்க முடியும். தோல் நிறம் மாறினால் இடைவெளியைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். தும்பு மெத்தைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

காற்று மெத்தைக்கு நம்மூரில் இன்னும் சில தொல்லைகள். கரண்ட் போனால் பல மெத்தைகள் இறங்கிவிடும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். இப்போது அப்படி இல்லை என்றாலும் மழைக்காலத்தில் போகும். அடியில் பழைய மெத்தை இல்லாவிட்டால் கட்டில் சட்டத்திலேயே கிடக்க வேண்டி வரும். வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களில் பிளாஸ்டிக் உறைமேல் முதுகு வேர்த்து ஊறும்; ஊறிய தோல் சீக்கிரம் கிழியும். எடைக்கு ஏற்ப அழுத்தத்தைத் திருப்பி வைக்காமல் கல் மாதிரி ஊதி வைத்திருப்பவர்களும் உண்டு. அதன் மேல் ரப்பர் சீட், இரண்டு பெட்ஷீட், பழைய சேலை என்று அடுக்கினால் போட்ட காசு வீண். காற்று போதுமா என்று சோதிக்க, இடுப்புக்கு நேரே மெத்தையின் அடியில் கையை விட்டுப் பாருங்கள். கைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு அங்குலமாவது காற்று இருக்க வேண்டும்.

என் தெரிவு: பகலில் ஒருவர், இரவில் ஒருவர் என்று ஆள் இருந்தால் நுரை மெத்தை. புண் ஏற்கெனவே வந்து எந்தப் பக்கம் படுத்தாலும் அதன்மேலேயே பாரம் விழுகிறது என்றாலோ, பார்ப்பவரே வயதானவர் என்றாலோ காற்று மெத்தைக்குச் செலவழிக்கலாம். அதிலும் மேலே விரிக்கும் குமிழ் வகையைவிடப் பெரிய குழாய் வகை. வாங்கினாலும் புரட்டுவதை நிறுத்த முடியாது.

குதிக்காலுக்கு எந்த மெத்தையும் தேவையில்லை. கெண்டைக்கால் நீளத்துக்கு ஒரு தலையணை வைத்துக் குதிக்கால் அந்தரத்தில் நிற்கும்படி விட்டால் போதும். வளைய வடிவ ரப்பர் டியூப், தண்ணீர் நிரப்பிய கையுறை இரண்டும் வேண்டாம். வளையத்தின் விளிம்பு சுற்றிவர இரத்தத்தை அடைத்துவிடும்.

இன்னொன்று. புண்ணின் முதல் அடையாளம் சிவப்பு என்று எழுதியிருப்பார்கள். நம் தோலில் அது தெரியாமலே போகலாம். சூடாக, இறுக்கமாக, வீங்கினாற்போல், தொட்டால் நோவாக இருக்கிறதா என்று விரலால் பார்ப்பதுதான் வழி. அந்த இடத்தை எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கக் கூடாது.

தோல் உடைந்துவிட்டால் அடுத்த போட்டி கட்டுத் துணிகளுக்குள். அயடின் தோய்த்த கோஸ் மலிவு, எந்தப் பார்மசியிலும் கிடைக்கும். ஆனால் தினமும் மாற்ற வேண்டும், காய்ந்து ஒட்டிய கோஸை இழுக்கும்போது புதிதாக வளர்ந்த சதையும் சேர்ந்து வரும். சிலிக்கோன் பூசிய நுரைக் கட்டு விலை கூட. அழுக்காகாவிட்டால் சில நாள் விடலாம். ஆகவே ஒரு துண்டின் விலையைப் பார்க்காமல் ஒரு கிழமைக்கு ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். தேன் நல்லது என்பது உண்மை, ஆனால் அது கிருமி நீக்கிய மருத்துவத் தேன். போத்தலில் விற்கும் காட்டுத்தேன் அல்ல. கழுவ சேலைன் போதும், ஹைட்ரஜன் பெரொக்சைட் வேண்டாம். கறுத்த சதை, நாற்றம், காய்ச்சல், ஆழமான குழி, எலும்பு தெரிவது, இதில் எது வந்தாலும் வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு மூதூர் ஆஸ்பத்திரியோ கிண்ணியா ஆஸ்பத்திரியோ திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியோ, கிட்ட உள்ளதற்குக் கொண்டுபோங்கள்.

சாப்பாட்டிலும் ஒரு ஒப்பீடு உண்டு. புண் ஆற ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். 50 கிலோ உள்ளவருக்கு 62 முதல் 75 கிராம். அரிசிக் கஞ்சி மட்டும் ஊட்டினால் அது கிட்டவும் வராது. விலையுயர்ந்த சத்துமா டின்னுக்குப் போகமுதல் முட்டை, முள்ளெடுத்த சூடை மீன், பருப்பு, கட்டித் தயிர் என்று கூட்டிப் பாருங்கள். நூறு கிராம் மீனிலேயே இருபது கிராம் அளவில் வந்துவிடும். விழுங்கக் கஷ்டப்படுபவருக்குத்தான் டின் உண்மையில் உதவும். சிறுநீரக நோய் இருந்தால் மட்டும் டொக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.