மெக்ஃபீயா, ஜேமிசனா? கட்டுரையாளருக்கு முன்னால் இரண்டு வழிகள்

அமெரிக்காவில் கட்டுரை எழுதியே பெயர் பெற்றவர்களில் ஜான் மெக்ஃபீயும் லெஸ்லி ஜேமிசனும் எதிரெதிர்த் துருவங்கள். எழுதும் முறையை மெக்ஃபீயிடம் கற்கலாம். பிழைக்கும் வழியை ஜேமிசனிடம் பார்க்கலாம். என் கணிப்பு இதுதான்.

மெக்ஃபீ 1931இல் பிறந்தவர். 'டைம்' இதழில் வேலை பார்த்துவிட்டு 1965இல் 'நியூயார்க்கர்' இதழுக்கு வந்தார். ஆரஞ்சுப் பழம், அலாஸ்கா, பாறைகள் என எதை எழுதினாலும் 'நான்' ஓரமாகத்தான் நிற்கும். வட அமெரிக்க நிலவியல் பற்றிய பெருநூலுக்கு 1999இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

அவருடைய முறை அச்சு அசலாகப் பின்பற்றக்கூடியது. களக்குறிப்புகள் முழுவதையும் தட்டச்சு செய்வார். படித்துப் பார்த்து ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குறியீடு போடுவார். குறியீடுகளை அட்டைகளில் எழுதி, வரிசை சரியாக அமையும்வரை மாற்றி மாற்றி அடுக்குவார். பிறகு குறிப்புகளைக் கத்தரித்து, குறியீட்டுவாரியாகக் கோப்புகளில் போடுவார். எழுதும்போது மேசையில் ஒரு கோப்புதான் இருக்கும். மலைபோல் குவிந்த தகவல் மிரட்டாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது. 1984இல் கணினிக்கு மாறியபோதும் இதே முறையைத்தான் அதில் அமைத்துக்கொண்டார். நான்காவது வரைவில் திருப்தி தராத சொற்களைக் கட்டம் கட்டி, அகராதியைப் புரட்டுவார். நன்றாகவே இருக்கும் சொல்லுக்கும் இன்னும் மேலான ஒன்று கிடைக்குமா என்று தேடுவார்.

ஜேமிசன் 1983இல் பிறந்தவர். 2010இல் வந்த முதல் நூல் நாவல். 2014இல் மினியாபொலிஸின் கிரேவுல்ஃப் என்ற சிறு பதிப்பகம் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்புதான் அவரைப் பரவலாக அறியவைத்தது. அதன் தலைப்புக் கட்டுரையில் மருத்துவ மாணவர்களின் பயிற்சிக்காக அவர்கள் முன் நோயாளியாக நடிக்கிறார். சம்பளம் மணிக்கு 13.50 டாலர். மாணவரை மதிப்பிடும் பட்டியலில் 31ஆவது வரி, நோயாளியின் நிலைமைக்கு வாய்விட்டுப் பரிவு காட்டினாரா என்பது. அந்த வேலைக்குப் பக்கத்திலேயே தன் கருக்கலைப்பையும் இதய சிகிச்சையையும் வைத்து, நடிப்பவருக்குத் தரப்படும் நோயாளிக் குறிப்பின் வடிவில் தன்னையே எழுதிக்காட்டுகிறார். வலியை வெறுமனே சொல்லாமல் அதற்கு ஒரு வடிவம் கண்டுபிடித்ததுதான் அவருடைய சாமர்த்தியம்.

அவரைப் பின்பற்றுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்: சொந்தத் துயரத்தோடு நின்றுவிடுகிறார்கள். குடியிலிருந்து மீண்டதைப் பற்றிய அவரது 2018 நூலில் அவர் கதை ஓர் இழை மட்டுமே. குடித்த எழுத்தாளர்களைப் பற்றி யேல் பல்கலைக்கழகத்தில் செய்த முனைவர் பட்ட ஆய்வும், ஒரு மறுவாழ்வு இல்லத்தில் இருந்தவர்களின் நேர்காணல்களும் அதைத் தாங்கி நிற்கின்றன.

ஆனால் தொழில் என்று பார்த்தால் மெக்ஃபீ வந்த பாதை இன்று ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. ஒரே பொருளுக்கு மாதக்கணக்கில் அலையவிட்டுப் பணம் தரும் இதழ்கள் மிகக் குறைவு. ஜேமிசன் வந்த வழி, அதாவது எழுத்துப் பட்டப்படிப்பு, சிறு பதிப்பகத்தின் பரிசு, பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி என்பது, இன்னும் திறந்திருக்கிறது. மெக்ஃபீயும் 1970களின் நடுவிலிருந்து பிரின்ஸ்டனில் பாடம் நடத்தியவர்தான். ஆனால் அவர் எழுத்துக்கு முதல் ஆதாரம் இதழ்.