பொன்னியா, பழுப்பரிசியா, மாத்திரையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் இப்போது மூன்று கட்சி. தோட்டத்து லயத்தில் இருந்த காலம் தொட்டு அம்மாவுக்குப் புழுங்கல் அரிசிதான். இன்றைக்கும் பொன்னிப் புழுங்கல் மூட்டையைத்தான் தூக்கி வரச் சொல்வார். அண்ணி பழுப்பரிசிக்கு மாறிவிட்டார். அண்ணனோ, "விலை குறைஞ்ச வெள்ளை அரிசி போதும்மா, சத்துக்கு பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை இருக்கே" என்கிறார்.

மூன்றையும் நான் ஒப்பிட்டது பெரும்பாலும் ஒரே வைட்டமினை வைத்துத்தான்: பி1, அதாவது தையமின். சோற்றின் மாவுச்சத்தை உடம்பு சக்தியாக்க இது வேண்டும். இது குறைந்தால் நரம்பும் இதயமும் தடுமாறும். கால் மரத்து நடை தளரும். சிலருக்குக் கால் வீங்கி, மூச்சு இரைத்து, இதயமே செயலிழக்கும். இதுதான் பெரிபெரி. உடம்பில் உள்ள இருப்பு சில வாரங்களுக்கு மேல் தாங்காது.

அம்மாவின் அரிசிக்கு இந்த மண்ணிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. அன்றைய மலாயாவில் சியாம் (இன்றைய தாய்லாந்து) வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி வாட்டியது. புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களிடம் அது அரிது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இதைக் கவனித்து எழுதினார். 1905இல் கோலாலம்பூர் மனநல விடுதியில் மருத்துவர் பிளெட்சர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மற்றதற்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசிப் பிரிவில் பெரிபெரியால் 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசிப் பிரிவில் ஒருவர்கூட இல்லை. வைட்டமின் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. சஞ்சிக்கூலி என்று இழிவாகப் பேசப்பட்ட நம் தாத்தா பாட்டிகளின் சோற்றுப்பானையும் மருத்துவ உலகுக்கு வழிகாட்டியது. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

எப்படி இது நடக்கிறது? நெல்லை உமியோடு ஊற வைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 உள்ளே மணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஒரு பங்கு தங்கும். வேகாத அரிசி 100 கிராமில் பழுப்பரிசிக்குச் சுமார் 0.4 மில்லிகிராம், புழுங்கலுக்கு 0.2, சத்து சேர்க்காத வெள்ளை அரிசிக்கு 0.07. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 1.1 முதல் 1.2 வரை. வெள்ளை அரிசியை நாலு முறை களைந்து, வடித்து, கஞ்சியைக் கொட்டினால் அந்தக் கொஞ்சமும் போய்விடும்.

கணக்கைப் பார்த்தால் அண்ணியின் பழுப்பரிசிதான் முதலிடம். நார்ச்சத்தும் அதில் கூடுதல். ஆனால் தவிட்டில் எண்ணெய் இருப்பதால் நம் ஊர் வெக்கையில் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாங்க வேண்டும். வேக நேரம் பிடிக்கும், பல் போனவர்களுக்கு மெல்ல முடியாது. பாதிச் சோறு தட்டிலேயே கிடந்தால் அதில் உள்ள சத்தால் யாருக்குப் பயன்?

சரி, அண்ணன் சொல்லும் மாத்திரை? பருப்பு, மீன், முட்டை, காய் என்று கலந்து சாப்பிடுகிறவருக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் சிலருக்குக் கூடுதல் பி1 உயிர் காக்கும். சம்சு சாராயமோ பீரோ நாள்தோறும் குடிப்பவரின் குடல் பி1-ஐச் சரியாக உறிஞ்சாது, மூளைகூடப் பாதிக்கப்படலாம். வாந்தியால் வாரக்கணக்கில் சாப்பிட முடியாத கர்ப்பிணிக்கும் இதே ஆபத்து. இவர்களை மாத்திரையை நம்பி வீட்டில் வைத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும்.

அன்றாடச் சோற்றுக்கு என் ஓட்டு அம்மாவின் மூட்டைக்குத்தான். பொன்னி விலை கூடுதல்தான், ஆனாலும் வீட்டில் எல்லாரும் வயிறார உண்பது அதைத்தான்.

அப்புறம், எந்த அரிசியிலும் இல்லாத ஒன்று பி12. அப்பா இனிப்புநீருக்குப் பல வருடமாக மெட்பார்மின் எடுக்கிறார், சுத்த சைவம். இந்த மாத்திரை நாளடைவில் பி12-ஐக் குறைக்கலாம். கால் எரிச்சல் வந்தால் சர்க்கரை என்று மட்டும் நினைத்துவிடுகிறோம், பி12 குறைவாகவும் இருக்கலாம். அடுத்த முறை கிளினிக்கில் இரத்தம் எடுக்கும்போது பி12-ஐயும் பார்க்கச் சொல்லிக் கேட்கப்போகிறேன்.