ஈரோடு–நாக்பூர் லாரி சேவை: மூன்று லோடுகளுக்குப் பின் ஒரு மதிப்பீடு

சென்னிமலைப் போர்வைகளை வெளிமாநில மொத்த வியாபாரிகளுக்கு அனுப்பும் சிறு வணிகம் என்னுடையது. ஈரோட்டிலுள்ள ஒரு லாரி புக்கிங் அலுவலகத்தின் வழியாக இதுவரை மூன்று முறை நாக்பூருக்கு முழு லோடு ஏற்றியிருக்கிறேன். சரக்கைப் பொறுத்தவரை குறை சொல்ல ஏதுமில்லை. கேட்ட நாளில் வண்டி வந்தது. தார்ப்பாயை இரட்டையாகப் போர்த்திக் கயிற்றை இறுகக் கட்டினார்கள். எடைமேடைச் சீட்டும், சரக்கை ஏற்றிக்கொண்டதற்கான எல்.ஆர். ரசீதும் அன்றே கைக்கு வந்தன. மழைக்காலத்தில் போன லோடில்கூட ஒரு பேல் (போர்வைக் கட்டு) நனையவில்லை. வாடகையும் சந்தை நிலவரத்தை ஒட்டியே இருந்தது. ஆயினும் இந்தச் சேவை யாருடைய தூக்கத்தையும் யாருடைய கூலியையும் தின்று நடக்கிறது என்பதை மூன்றாவது லோடின்போது அருகிலிருந்து பார்த்துவிட்டதால், அதைச் சொல்லாமல் இதற்கு மதிப்பெண் போட என்னால் முடியவில்லை.

முதலில் நேரக் கணக்கு. ஈரோட்டிலிருந்து நாக்பூர் சுமார் 1,300 கிலோமீட்டர். அறுபது மணி நேரத்தில் சரக்கு இறங்கும் என்பது அலுவலகத்தின் வாக்கு. திங்கள் மாலை ஆறு மணிக்குப் புறப்படும் வண்டி வியாழன் காலை ஆறு மணிக்கு நாக்பூர் கிடங்கு வாசலில் நிற்க வேண்டும் என்பது அதன் பொருள். மணிக்கு 40 கிலோமீட்டர் சராசரி வேகம் என்று வைத்துக்கொண்டால் ஸ்டியரிங்கின் முன் மட்டுமே முப்பத்திரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும்; டோல்கேட், சோதனை, டயர் பார்ப்பது, சாப்பாடு எல்லாம் அதற்கு வெளியே. எனக்கு வந்த மூன்று வண்டியிலும் வண்டிக்கு ஓர் ஓட்டுநர் மட்டும்தான்; கிளீனரும் இல்லை, மாற்று ஓட்டுநரும் இல்லை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்காக 1961இல் வந்த சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றும், நெடுந்தூர வழித்தடங்களில் அனுமதியுடன் அதிகபட்சம் 10 மணி நேரம் என்றும் வரையறுத்தது. நாளுக்குப் பத்து மணி நேரம் என்றாலும் ஓட்டுவதற்கு மட்டுமே மூன்று நாளுக்கு மேல் ஆகும்; எட்டு மணி நேரம் என்றால் நான்கு நாளுக்கு மேல்.

இதில் என்னை மிகவும் உறுத்தியது, சரக்கு வண்டியோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டான ஈ-வே பில். சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அது செல்லுபடியாகும். எனவே என் போர்வைகள் ஏழு நாள் வரை சாலையில் இருக்கச் சட்டமே இடம் தருகிறது. இரண்டரை நாள் என்ற கெடு, அலுவலகமும் நாக்பூர் வியாபாரியும் நானும் சேர்ந்து உண்டாக்கியது. போர்வை கெட்டுப்போகிற பண்டமில்லை. ஆனாலும் மூன்று இரவு விழித்து ஓட்டியாக வேண்டும், திரும்பும் லோடோடு தருமபுரி–சேலம் சாலையின் தொப்பூர் கணவாய் இறக்கத்துக்கு வந்து சேரும்போது அந்த மனிதரின் கண் எந்த நிலையில் இருக்கும் என்று அதுவரை நான் ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

அடுத்தது கூலி. மூன்றாவது லோடு நாக்பூர் கிடங்கில் இடமில்லாமல் மூன்று நாள் வாசலிலேயே நின்றது. வண்டி காத்து நின்றதற்கான ஹால்ட்டிங் தொகையை அலுவலகம் கேட்டபடி கட்டினேன். சில வாரங்கள் கழித்து அந்த வண்டியின் ஓட்டுநரை ஈரோட்டில் பார்த்தபோது, அதில் அவருக்கு ஒரு ரூபாயும் வரவில்லை என்று தெரிந்தது. “வண்டி நின்னா படி இல்லீங்கண்ணா, சோத்துக்குச் செலவு மட்டும் நிக்காதுங்க” என்றார். மாதச் சம்பளம் கிடையாது, ட்ரிப்புக்கு இவ்வளவு என்ற படிதான். வண்டி ஓடாத நாள் அவர் கணக்கில் வேலை நாளே அன்று. கோடையில், நாக்பூர் இருக்கும் விதர்பாப் பகுதியின் வெயிலில் கேபினுக்குள் உட்கார முடியாமல் வண்டிக்கு அடியில் படுத்திருந்ததாகவும் சொன்னார். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயமாகியிருக்கிறது. எனக்கு வந்தவை மூன்றும் பழைய வண்டிகள்.

நல்ல கூலிக்காகவும் வேலை நிலைமைக்காகவும் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்யலாமா என்று கேட்டால், செய்ய வேண்டும் என்பதே என் பதில். ‘லாரி ஸ்டிரைக்’ என்று நாம் வழக்கமாகச் சொல்வது பெரும்பாலும் உரிமையாளர்களின் போராட்டமே. 2018 ஜூலை 20 அன்று தொடங்கி எட்டு நாள் நடந்த நாடு தழுவிய போராட்டத்தின் முதன்மைக் கோரிக்கைகள் டீசல் விலை, சுங்கக் கட்டணம், மூன்றாம் நபர் காப்பீட்டு பிரீமியம் ஆகியவை. அவை நியாயமானவை என்றாலும் ஓட்டுநரின் படி அந்த வரிசையில் இல்லை. 2024 ஜனவரியில் நடந்தது வேறு. கவனக்குறைவாக ஓட்டி ஒருவரின் உயிரிழப்புக்குக் காரணமாகிவிட்டு, போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தகவல் தராமல் தப்பியோடும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை என்ற, புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவை எதிர்த்து ஓட்டுநர்களே பல மாநிலங்களில் வண்டியை ஓரங்கட்டினார்கள். பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. ஜனவரி 2 அன்றே மத்திய உள்துறைச் செயலாளர் பேச்சு நடத்தினார். அந்த ஆண்டு ஜூலை 1 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த ஒரு உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தால் அரசு எவ்வளவு விரைவாகக் கேட்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

கூலிக்கான போராட்டம் அதைவிடக் கடினம் என்பதையும் மறுக்க முடியாது. வண்டி நின்றால் படி நின்றுவிடும் ஒருவர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்களை அந்த 1961ஆம் ஆண்டுச் சட்டம் நேரடியாகக் கட்டுப்படுத்தவில்லை. ஃபைனான்ஸ் தவணையில் ஒற்றை லாரி வாங்கி ஓட்டும் உரிமையாளரிடம் கேட்டால் அவரும் காலிப் பையைத்தான் காட்டுவார். ஆகவே கோரிக்கை, வாடகையை நிர்ணயிக்கும் புக்கிங் அலுவலகங்களிடமும் என்னைப் போன்று சரக்கு ஏற்றுவோரிடமும் வர வேண்டும்: ஒரு நாளில் இத்தனை மணி நேரத்துக்கு மேல் ஓட்டச் சொல்லும் கெடு கூடாது, நிற்கும் நாளுக்கும் படி உண்டு, நெடுந்தூரத்துக்கு இரண்டு ஓட்டுநர். பாலும் மருந்தும் ஏற்றிய வண்டிகளை விட்டுவிட்டு, என் போர்வை போன்றவற்றை ஒரு மாதம் நிறுத்தினாலும் நாட்டுக்குக் கேடில்லை. எனக்கு நட்டம் வரும். அதைத் தாங்க நான் தயார்.

சரக்கைப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பதற்கு இந்தச் சேவைக்கு ஐந்துக்கு நான்கு தருவேன். ஓட்டுநரை நடத்தும் விதத்துக்கு ஒன்றுக்கு மேல் தர மனமில்லை. தை மாத லோடுக்கு நாக்பூர் வியாபாரியிடம் பேசி ஐந்து நாள் கெடு வாங்கிவிட்டேன். வாடகை கூடினாலும் இரண்டு ஓட்டுநர் வேண்டும், ஹால்ட்டிங் தொகையை ஓட்டுநர் பெற்றுக்கொண்டதாக அவர் கையெழுத்துடன் ரசீது வேண்டும் என்று அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.